முடிவுறு கூறு முறையில் நம்பத்தக்க விடை: சமன்பாடு முதல் சரிபார்ப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

1991 ஆகஸ்ட் 23 அன்று, நார்வேயின் ஸ்தவாங்கர் நகரை அடுத்த காண்ட்ஸ்ஃபியோர்டு என்னும் கடற்கால்வாயில், ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய், எரிவாயு மேடைக்கான கான்கிரீட் அடித்தளத்தை நீர் நிரப்பி மெல்ல ஆழ்த்திக்கொண்டிருந்தபோது அதன் உட்சுவர் ஒன்று பிளந்து, முழுக் கட்டமைப்பும் மூழ்கிப்போனது. அதில் இருந்தவர்கள் அனைவரும் உயிருடன் வெளியேறினர். பொருளிழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. விசாரணையில் இரண்டு காரணங்கள் தெரியவந்தன. உருளை அறைகள் மூன்று சந்திக்கும் இடத்திலுள்ள சுவரைப் பருமனான, கோணலான கூறுகளைக் கொண்டு கணித்ததால் சறுக்குத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது என்பது ஒன்று; அதே இடத்தில் இரும்புக் கம்பிகளின் அமைப்பும் போதுமானதாக இல்லை என்பது மற்றொன்று. பின்னர் நுண்மையான கூறுகளைக் கொண்டு மீண்டும் கணித்தபோது 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் அது உடைந்த ஆழம் 65 மீட்டர்.

நெகிழ்வியலின் சமன்பாடுகளில் இங்கே குறை ஏதும் இல்லை. அச்சமன்பாடுகளைக் கணினிக்கு ஏற்றவாறு குறுக்கியபோது எவ்வளவு பிழை புகுந்தது என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை. உருவத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எளிய சார்பால் தீர்வைத் தோராயப்படுத்தும் முடிவுறு கூறு முறையில் எந்தக் கணிப்பும் அதன் பிழையின் அளவு தெரிந்த பிறகே முடிந்ததாகக் கொள்ளத் தக்கது. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த ஒரு நோக்கத்தை ஒட்டியே அமைகின்றன. முதுநிலைப் பொறியியல், இயற்பியல் அல்லது கணிதம் படிப்பவர்களையும், மென்பொருளில் ஏற்கெனவே ஓரளவு கணித்துப் பழகியவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதற்படி: தொகையீட்டு வடிவத்தைக் கையால் எழுதுதல்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் சமன்பாட்டின் தொகையீட்டு வடிவத்தைத் தாளில் எழுதிவிட வேண்டும். வகைக்கெழுச் சமன்பாட்டை ஒரு சோதனைச் சார்பால் பெருக்கி, முழுப் பரப்பின் மீதும் தொகையிட்டு, பகுதித் தொகையிடலின் மூலம் ஒரு வகைக்கெழுவைத் தீர்விலிருந்து சோதனைச் சார்புக்கு மாற்றுவதே இதன் செயல்முறை. இதனால் இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. இரண்டாம் வகைக்கெழு மறைந்து முதல் வகைக்கெழு மட்டும் எஞ்சுவதால், துண்டுதுண்டான நேர்கோடுகளைக்கூடத் தோராயத் தீர்வாக ஏற்கலாம். மேலும், எல்லை நிபந்தனைகள் தாமாகவே இரண்டு வகையாகப் பிரிகின்றன: இடப்பெயர்ச்சி, வெப்பநிலை போன்றவற்றின் மதிப்பை நேரடியாகக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளைச் சார்பு வெளியிலேயே திணிக்க வேண்டும், விசை, வெப்பப் பாய்வு போன்றவை எல்லைத் தொகையீடாகத் தாமே வந்து சேரும். எல்லையின் ஒரு பகுதிக்கு எந்த நிபந்தனையும் கொடுக்காமல் விட்டால், மென்பொருள் அங்கே பாய்வு பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். தவறான விடைகள் பலவற்றின் தொடக்கம் இதுதான்.

மிகச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றை முழுமையாகப் பார்ப்போம். ஓரலகு நீளமுள்ள, இரு முனைகளிலும் கட்டப்பட்ட இழுகம்பியின் மீது சீரான ஓரலகுச் சுமை உள்ளது, இழுவிசையும் ஓரலகே. இடப்பெயர்ச்சியின் இரண்டாம் வகைக்கெழு −1 என்பது சமன்பாடு. கம்பியை இரண்டு நேர்கோட்டுக் கூறுகளாகப் பிரித்தால் அவை சந்திக்கும் புள்ளியான நடுக்கணுவின் இடப்பெயர்ச்சி ஒன்றே அறியா மதிப்பு. ஒவ்வொரு கூறின் விறைப்பும் நீளத்தின் தலைகீழ், அதாவது 2. இரண்டும் சேர்ந்து 4. நடுக்கணுவில் சேரும் சுமை 1/2. எனவே நடுக்கணுவின் இடப்பெயர்ச்சி 1/8. சரியான விடையும் அதுவே. ஆனால் கால்பங்கு நீளத்தில் சரியான மதிப்பு 3/32 ஆக இருக்க, நம் நேர்கோடு தருவது 2/32. கணுவில் பிழை இல்லாததைக் கண்டு கணிப்பு முழுவதும் சரியென்று நினைத்துவிடக் கூடாது. கூறுகளைப் பாதியாக்கினால் கூறுகளுக்கு நடுவில் காணும் இந்த 1/32 பிழை 1/128 ஆகிறது. ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் நான்கில் ஒன்றாகக் குறைகிறது.

இந்தக் குறைவைப் பொதுநிலையில் விளக்குவது ழான் சேயா 1964-இல் நிறுவிய தேற்றம். தீர்வையும் சோதனைச் சார்பையும் ஒரே சார்பு வெளியிலிருந்து எடுக்கும் கலேர்கின் முறையில் கிடைக்கும் விடையின் பிழை, நாம் தேர்ந்தெடுத்த சார்பு வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தோராயத்தின் பிழையைப் போல ஒரு நிலையெண் மடங்குக்கு மேல் போகாது என்கிறது அது. அந்த நிலையெண் என்பது சமன்பாட்டின் தொடர்ச்சி எல்லைக்கும் அதன் கீழ்நிலை உறுதிக்கும் உள்ள விகிதம். ஆகவே பிழைக்கு இரண்டே வாயில்கள்தாம் உள்ளன: தோராயம் மோசமாக இருக்கலாம், அல்லது நிலையெண் மிகப் பெரிதாக இருக்கலாம். உயர்நிலை முறைகள் என்று சொல்லப்படுபவற்றுள் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றைச் சரிசெய்யவே தோன்றின. எதைச் சரிசெய்கிறோம் என்று தெரியாமல் மெஷ்ஷை (கூறுகளின் வலையை) மட்டும் நுண்ணியதாக்கிக்கொண்டே போவது நேரத்தை வீணாக்கும்.

இரண்டாம் படி: தோராயத்தைச் சீராக்குதல்

தீர்வு எங்கும் வழுவழுப்பாக இருந்தால் பல்லுறுப்புக் கோவையின் படியை உயர்த்துவதே சிக்கனமான வழி. கூறின் அளவைப் பாதியாக்கும்போது சாய்விலுள்ள பிழை நேர்கோட்டுக் கூறுகளில் பாதியாகவும், இருபடிக் கூறுகளில் நான்கில் ஒன்றாகவும், முப்படிக் கூறுகளில் எட்டில் ஒன்றாகவும் குறையும். ஆனால் பொறியியல் உருவங்களில் உள்நோக்கிய மூலைகளும் விரிசல் முனைகளும் பொருள்கள் மாறும் விளிம்புகளும் இல்லாத இடம் அரிது. அங்கே இந்தக் கணக்கு பொய்த்துவிடுகிறது.

இதற்கு எல் வடிவப் பரப்பில் லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்ப்பது மிகவும் பழகிய சோதனை. உள்நோக்கிய மூலையில் கோணம் 270 பாகை. அங்கே தீர்வு, மூலையிலிருந்து உள்ள தொலைவின் 2/3 அடுக்கைப் போல நடந்துகொள்கிறது. சாய்வு முடிவிலியை நோக்கிச் செல்கிறது. எங்கும் சீராக மெஷ்ஷைப் பாதியாக்கினால் சாய்வின் பிழை பாதியாவதில்லை, 0.63 மடங்காகத்தான் குறைகிறது. இருபடிக் கூறுகளுக்கு மாறினாலும் இந்த வேகம் உயராது என்பதைக் கவனிக்க வேண்டும். இருபரிமாணத்தில் பிழையைப் பத்தில் ஒன்றாக்க, அறியா மதிப்புகளின் எண்ணிக்கையை 1000 மடங்காக்க வேண்டியிருக்கும். மூலையை நோக்கிக் கூறுகளை ஒழுங்காகச் சிறிதாக்கிக்கொண்டு போனால் அதே முன்னேற்றத்துக்கு 100 மடங்கு போதும். விரிசல் முனையில் அடுக்கு 1/2 ஆகிவிடுவதால் சீரான மெஷ்ஷுக்கு ஆகும் செலவு 10,000 மடங்கு வரை ஏறுகிறது.

எங்கே சிறிதாக்குவது என்பதைக் கணிப்பே சொல்லும்படி செய்வதுதான் தகவமைப்பு முறை. பாபுஷ்காவும் ரைன்போல்ட்டும் 1978-இல் வகுத்த வழியில், கணித்து முடித்த பிறகு ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பிழை மதிப்பீட்டைக் கணக்கிடுகிறோம். அது இரண்டு பகுதிகளின் கூட்டு. கூறின் உள்ளே சமன்பாடு எவ்வளவு நிறைவேறாமல் நிற்கிறது என்பது முதற்பகுதி. அதைக் கூறின் அளவின் இருமடியால் எடையிட வேண்டும். அடுத்தடுத்த கூறுகளின் பொது விளிம்பில் பாய்வு எவ்வளவு துள்ளுகிறது என்பது இரண்டாம் பகுதி. அதை விளிம்பின் நீளத்தால் எடையிட வேண்டும். இரண்டிலும் இருமடித் தொகையீடுகளே கூட்டப்படுகின்றன. நேர்கோட்டுக் கூறுகளில் துள்ளலே பெரும்பாலும் ஆதிக்கம் செலுத்தும்.

பிறகு எந்தக் கூறுகளைப் பிளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். டோர்ஃப்லர் 1996-இல் கொடுத்த விதியையே பரிந்துரைக்கிறேன்: மதிப்பீடுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தி, மொத்த இருமடிக் கூட்டுத்தொகையில் பாதி சேரும் வரை மேலிருந்து கூறுகளை எடுத்துக்கொண்டு அவற்றை மட்டும் பிளக்க வேண்டும். உச்ச மதிப்பின் இத்தனை விழுக்காட்டுக்கு மேற்பட்டவை என்று தேர்ந்தெடுக்கும் வழக்கமும் உண்டு. மூலைச் சிங்குலாரிட்டி (சாய்வு முடிவிலியை நோக்கிச் செல்லும் நிலை) கடுமையாக இருந்தால், அம்முறையில் ஒரு சுற்றில் இரண்டு மூன்று கூறுகள் மட்டுமே பிளந்து, கணிப்பு முடிவின்றி நீளக்கூடும். முக்கோணங்களைப் பிளக்கும்போது மிகப் புதிய உச்சிக்கு எதிர்ப்பக்கத்தை இருகூறாக்கும் முறையைப் பின்பற்றினால், எத்தனை சுற்று போனாலும் கோணங்கள் ஓர் எல்லைக்குக் கீழே சிறுத்துப்போகாது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உள்நோக்கிய கூர்மூலையில் உச்சத் தகைவை எடுத்து அறிக்கையில் எழுதுவதற்குப் பொருளே இல்லை. மேலே சொன்ன எல் வடிவத்தில் மெஷ்ஷைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் மூலையில் சாய்வின் உச்சம் சுமார் 26 விழுக்காடு ஏறிக்கொண்டே போகும். அதற்கு முடிவு இல்லை. ஒன்று, உண்மையான வளைவு ஆரத்தை உருவத்தில் சேர்க்க வேண்டும். அல்லது விரிசலியலில் செய்வதுபோல, தகைவுச் செறிவுக் காரணியை (stress intensity factor) கணித்து அதைக் கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: நிலையெண்ணைக் கட்டுக்குள் கொண்டுவருதல்

என் பார்வையில் இந்த முறையின் மிக ஆழமான பகுதி இதுதான். இரப்பர் போன்ற, கன அளவு ஏறத்தாழ மாறாத பொருளை எடுத்துக்கொள்வோம். அமுக்கத்தை எதிர்க்கும் லாமே குணகத்துக்கும் சறுக்குக் குணகத்துக்கும் உள்ள விகிதம், பாய்சான் விகிதம் (இழுக்கும்போது குறுக்கே சுருங்குவதற்கும் நீள்வதற்கும் உள்ள விகிதம்) 0.3 ஆக இருக்கும்போது வெறும் 1.5. அதுவே 0.499 ஆகும்போது 499 ஆகவும், 0.4999 ஆகும்போது 4999 ஆகவும் உயர்கிறது. சேயா தேற்றத்தின் நிலையெண்ணும் இதனோடு சேர்ந்து பெருகுகிறது. விளைவாக, நேர்கோட்டு முக்கோணங்களைக் கொண்டு கணித்தால் இரப்பர், எஃகைப் போல விறைத்து நின்றுவிடும். இதையே லாக்கிங் என்கிறோம்.

ஏன் விறைக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். பெரிய முக்கோண மெஷ் ஒன்றில், எல்லையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், முக்கோணங்களின் எண்ணிக்கை கணுக்களைப் போல இருமடங்கு. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இடப்பெயர்ச்சிகள் உள்ளதால் அறியா மதிப்புகளும் கணுக்களைப் போல இருமடங்கு. நேர்கோட்டு முக்கோணத்தில் டைவர்ஜென்ஸ், அதாவது கன அளவு மாறும் வீதம், ஒரு மாறிலி. கன அளவு மாறக் கூடாதென்றால் ஒவ்வொரு முக்கோணமும் அது பூச்சியம் என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவருகிறது. ஆக, எத்தனை அறியா மதிப்புகளோ ஏறத்தாழ அத்தனை கட்டுப்பாடுகள். வளைந்துகொடுக்க இடமே இல்லை. மெஷ்ஷைச் சிறிதாக்கினாலும் இந்த விகிதம் மாறாது என்பதால், சாதாரணமாகக் கிடைக்கும் மெஷ் அளவுகளில் நிலைமை சீராவதில்லை.

இதற்குத் தீர்வு, அழுத்தத்தைத் தனி மாறியாக எடுத்துக்கொண்டு கலப்பு வடிவத்துக்கு மாறுவது. பாகுநிலைப் பாய்மத்தின் ஸ்டோக்ஸ் சமன்பாடும் இதே வடிவம்தான். அங்கே இடப்பெயர்ச்சியின் இடத்தில் திசைவேகம் வரும். ஆனால் இரண்டு சார்பு வெளிகளையும் விருப்பம்போல் தேர்ந்தெடுக்க முடியாது. லதிஷென்ஸ்கயா, பாபுஷ்கா, பிரெஸ்ஸி ஆகியோரின் பெயரால் அறியப்படும் இன்ஃப்-சுப் நிபந்தனை நிறைவேற வேண்டும்: நாம் அனுமதிக்கும் ஒவ்வோர் அழுத்தப் பாங்குக்கும், அதை உணரக்கூடிய டைவர்ஜென்ஸ் கொண்ட திசைவேகம் ஒன்று நம் வெளியில் இருக்க வேண்டும், அந்த உணர்திறனின் அளவு மெஷ் சிறிதாகும்போது பூச்சியத்தை நோக்கிச் சரியக் கூடாது. திசைவேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரே நேர்கோட்டுச் சார்புகளை எடுத்தால் இது நிறைவேறாது. அழுத்தப் படத்தில் சதுரங்கப் பலகை போன்ற ஏற்ற இறக்கம் தோன்றினால், அதைச் சராசரி எடுத்து மறைக்காமல், தேர்ந்தெடுத்த கூறு இணை தவறானது என்று ஏற்றுக்கொண்டு மாற்ற வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு 1973-இல் வந்த டெய்லர்–ஹூட் இணையே என் பரிந்துரை. திசைவேகம் இருபடி, அழுத்தம் நேர்கோடு. எண்ணிக்கையைப் பார்த்தாலே அதன் வசதி புரியும்: கணுக்களைப் போல மும்மடங்கு விளிம்புகள் உள்ளதால் திசைவேகத்துக்கு எட்டு மடங்கு அறியா மதிப்புகள், கட்டுப்பாடு ஒரு மடங்கு மட்டுமே. நினைவகம் குறைவாக இருந்தால் ஆர்னால்ட், பிரெஸ்ஸி, ஃபோர்ட்டின் ஆகியோர் 1984-இல் கொடுத்த மினி கூறைப் பயன்படுத்தலாம். நேர்கோட்டுத் திசைவேகத்தோடு ஒவ்வொரு முக்கோணத்தின் நடுவிலும் ஒரு குமிழிச் சார்பைச் சேர்ப்பது அதன் உத்தி. எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டுமே நிரூபணம் ஆகாது. புதிய இணை ஒன்றை ஐயமின்றி ஏற்க விரும்பினால், சாப்பெல், பாத்தே இருவரும் 1993-இல் கொடுத்த எண்முறைச் சோதனையைச் செய்யலாம்: மூன்று நான்கு மெஷ்களில் உரிய ஐகன் மதிப்புகளுள் பூச்சியமல்லாத மிகச் சிறியதைக் கணித்து, அது நிலைத்து நிற்கிறதா சரிகிறதா என்று பார்ப்பதே அச்சோதனை.

எல்லை முழுவதும் திசைவேகமே கொடுக்கப்பட்டிருந்தால் அழுத்தம் ஒரு மாறிலி வரையில் மட்டுமே தீர்மானமாகும். அழுத்தத்தின் சராசரி பூச்சியம் என்ற நிபந்தனையைச் சேர்க்காவிட்டால் அணி தலைகீழாக்க முடியாததாகிவிடும்.

காற்று அல்லது நீரோட்டம் வெப்பத்தைச் சுமந்து செல்லும் கணக்குகளில் நிலையெண் வேறு காரணத்தால் பெருகுகிறது. வேகத்தைக் கூறின் அளவால் பெருக்கி, பரவல் குணகத்தின் இருமடங்கால் வகுத்தால் வருவது கூறின் பெக்லே எண். அது 1-ஐத் தாண்டி, தீர்வில் கூர்மையான எல்லைப்படலமும் இருந்தால், வழக்கமான கலேர்கின் விடை ஏறி இறங்கி அலையும். ஓட்டத்தின் திசையில் மட்டும் சோதனைச் சார்பைத் திருத்தும் புரூக்ஸ்–ஹியூஸ் முறை, 1982 முதல் இதற்கு நிலையான மருந்து. எல்லாத் திசையிலும் செயற்கைப் பரவலைச் சேர்ப்பது அலைவை நிறுத்தினாலும் வேறொரு சமன்பாட்டின் விடையையே தரும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

நான்காம் படி: இயற்கணிதச் சமன்பாடுகளைத் தீர்த்தல்

நேரியலற்ற கணக்குகளில் நியூட்டன் முறையின் மீதி (சமன்பாடு நிறைவேறாமல் நிற்கும் அளவு) ஒவ்வொரு சுற்றிலும் எப்படிக் குறைகிறது என்பதை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். தீர்வை நெருங்கும்போது மீதியின் அளவு நூறில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று, பத்துக் கோடியில் ஒன்று என்று சரிய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விகிதத்தில் மட்டும் குறைந்தால் தொடுகோட்டு அணியில் ஏதோ ஓர் உறுப்பு விடுபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதை உறுதிப்படுத்த எளிய சோதனை உண்டு: தீர்வை ஒரு திசையில் சிறிது நகர்த்தி, உண்மையான மீதிக்கும் தொடுகோட்டு அணி முன்கூட்டிச் சொல்லும் மீதிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்தால், நகர்வைப் பாதியாக்கும்போது அது நான்கில் ஒன்றாக வேண்டும். பாதியாக மட்டுமே குறைந்தால் வகைக்கெழு தவறு.

நேரியல் அமைப்புக்கு, இருபரிமாணத்தில் சில இலட்சம் அறியா மதிப்புகள் வரை நேரடி முறையே போதும். முப்பரிமாணத்தில் காரணிப்படுத்தலின் நினைவகத் தேவை விரைவாகப் பெருகுவதால் மீள்செய் முறைக்கு மாற வேண்டும். சமச்சீர், நேர்க்குறி அணிகளுக்கு இணையிய சாய்வு முறையும், அதன் சுற்றுகளைக் குறைக்கும் முன்சீராக்கியாக, பருமனும் நுண்மையுமான பல மெஷ்களை மாறி மாறிப் பயன்படுத்தும் மல்டிகிரிடும் பொருத்தமானவை. ஸ்டோக்ஸ் போன்ற கலப்பு அமைப்பின் அணி நேர்க்குறி உடையதல்ல என்பதால் அங்கே மின்ரெஸ் என்னும் மீள்செய் முறை வேண்டும். திசைவேகப் பகுதிக்கு மல்டிகிரிடையும், அழுத்தப் பகுதிக்கு நிறை அணியையும் முன்சீராக்கியாக வைத்தால், மெஷ் எவ்வளவு சிறிதானாலும் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறாமல் இருக்கும். இதற்கும் இன்ஃப்-சுப் நிபந்தனையே அடிப்படை. ஃபெனிக்ஸ், டீல்-2, ஃப்ரீஃபெம் ஆகிய கட்டற்ற மென்பொருள்களில் இவை அனைத்தையும் செய்ய முடியும்.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

முதலில் நிரலைச் சோதிக்க வேண்டும். புரூஸ் அயர்ன்ஸ் 1960-களில் முன்வைத்த பேட்ச் சோதனையின்படி, ஒழுங்கற்ற சில கூறுகளின் திரளில் எல்லையில் மட்டும் நேர்கோட்டு இடப்பெயர்ச்சியைக் கொடுத்தால், உள்ளே எல்லாக் கூறுகளிலும் ஒரே தகைவு கணினியின் துல்லியம் வரை கிடைக்க வேண்டும். அடுத்து, நாமே ஒரு தீர்வைக் கற்பித்து, அதைச் சமன்பாட்டில் இட்டு அதற்கேற்ற சுமையைக் கண்டு, அந்தச் சுமைக்கு நிரல் தரும் விடையை ஒப்பிட வேண்டும். பிழை சிறிதாக இருப்பது மட்டும் போதாது. கோட்பாடு சொல்லும் வேகத்தில் அது குறைகிறதா என்பதே கேள்வி. இருபடிக் கூறுகளில் மதிப்பின் பிழை எட்டில் ஒன்றாகக் குறைய வேண்டிய இடத்தில் நான்கில் ஒன்றாக மட்டும் குறைந்தால், வளைந்த எல்லையை நேர்கோடுகளால் தோராயப்படுத்தியிருப்பதையோ எண்முறைத் தொகையீட்டில் சார்பை மதிப்பிடும் காஸ் புள்ளிகள் குறைவாக இருப்பதையோ முதலில் ஐயுற வேண்டும்.

நிரல் சரியென்று தெரிந்த பிறகு, குறிப்பிட்ட கணக்கின் விடையைச் சோதிக்க வேண்டும். இங்கே சரியான விடை கையில் இருக்காது. ஆனால் மூன்று மெஷ்கள் இருந்தால் போதும். மேலே பார்த்த இழுகம்பியிலேயே இடப்பெயர்ச்சியின் மொத்தத் தொகையீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு கூறுகளில் 0.0625, நான்கில் 0.078125, எட்டில் 0.08203125 என்று வருகின்றன. அடுத்தடுத்த வேறுபாடுகள் 0.015625, 0.00390625, அவற்றின் விகிதம் சரியாக 4. ஆகவே ஒருங்கும் படி, அதாவது கூறின் அளவின் எத்தனையாம் அடுக்காகப் பிழை குறைகிறது என்பது, 2 என்று அறிகிறோம். கடைசி வேறுபாட்டை மூன்றால் வகுத்து நுண்ணிய மெஷ்ஷின் விடையோடு கூட்டினால் 0.083333 கிடைக்கிறது, உண்மையான மதிப்பு 1/12. எட்டுக் கூறுகளின் விடையில் ஏறத்தாழ 1.6 விழுக்காடு பிழை இருப்பதை, சரியான விடையைப் பார்க்காமலேயே இப்படிச் சொல்லிவிட முடிகிறது.

விகிதம் எதிர்பார்த்த எண்ணுக்கு அருகில் வராவிட்டால் இந்தக் கூட்டலைச் செய்யக் கூடாது. மெஷ் இன்னும் பருமனாக இருக்கிறது, அல்லது எங்கோ கவனிக்கப்படாத சிங்குலாரிட்டி உள்ளது என்று பொருள். அப்போது இரண்டாம் படிக்குத் திரும்பிப் பிழை மதிப்பீட்டின் படத்தை வரைந்து பார்த்தால், பெரும்பாலும் அந்த இடம் வெளிப்பட்டுவிடும். அறிக்கையில் வண்ணப் படத்தோடு, தேவையான கணியத்தின் மூன்று மதிப்புகளையும், கண்டறிந்த ஒருங்கும் படியையும், மதிப்பிட்ட பிழையையும் ஒரே அட்டவணையில் எழுதுவது வடிவமைப்பாளர் முடிவெடுக்க உதவும். பாதுகாப்புக் காரணியோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தேவைப்படுவது அந்த அட்டவணையே.